சார்ட் போதும், பதிவேட்டைக் கொடுங்கள்: செவிலியர் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் சமுதாய சுகாதார செவிலியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பல்லடம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வருஷம் தவறாமல் உங்கள் பிள்ளைகள் எங்கள் ஊருக்குக் களப்பயிற்சிக்கு வருவார்கள். காலை ஒன்பதரைக்கு மாரியம்மன் கோயில் முன்னால் கல்லூரி பஸ் நிற்கும். தோளில் பையும் கையில் சுருட்டிய சார்ட்டுமாக இறங்குவார்கள். வீட்டுக்கு வீடு போய், வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை இருக்கிறதா, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா என்று கேட்டுக் குடும்பக் கோப்பில் எழுதிக்கொள்வார்கள். மத்தியானம் அங்கன்வாடிச் சுவரில் சார்ட்டை மாட்டிப் பேசுவார்கள். ஒரு முக்கோணம், மூன்று மூலையில் நோய்க்கிருமி, மனிதர், சுற்றுச்சூழல். சத்துமாவு வாங்க வந்த தாய்மார்கள் பொறுமையாகக் கேட்பார்கள். நாலு மணிக்கு பஸ் கிளம்பிவிடும். அடுத்த வருஷம் வேறு பிள்ளைகள், வேறு தெரு. அந்தக் கோப்புகள் கல்லூரி அலமாரிக்குப் போகும். அதிலிருந்து ஒரு தாள்கூட எங்கள் ஊருக்குத் திரும்பி வந்ததில்லை.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு என்னைவிடப் பாடம் நன்றாகத் தெரியும். முதல்நிலைத் தடுப்பு, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, அதற்கெல்லாம் முந்திய ஆதிநிலைத் தடுப்பு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்த முக்கோணத்துக்குள் எங்கள் ஊர் இல்லை. பதினைந்து நாள் எங்கள் தெருவில் நடந்துவிட்டு, எங்கள் ஊரில் யாருக்கு, எங்கே, எப்போது நோய் வருகிறது என்று ஒரு வரி சொல்லத் தெரியாமல் திரும்பிப் போகிறார்கள். அந்த ஒரு வரிதான் நோய்ப்பரவியல் என்று நான் வேலையில் கற்றுக்கொண்டேன். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்ததும் உங்கள் மாணவி ஒருத்திதான்.

ஒரு வருஷம் ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. காய்ச்சல் கேஸ் வர ஆரம்பித்திருந்தது. என் பதிவேட்டில் பதினான்கு பெயர். அன்றைக்கு பஸ் வரத் தாமதம். கடைசி வருஷம் படிக்கிற பிள்ளை ஒன்று பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது. "அக்கா, இவங்கல்லாம் எங்க குடியிருக்காங்க?" என்று கேட்டது. நான் கையை நீட்டி நீட்டிச் சொன்னேன். அந்தப் பிள்ளை சாக்பீஸை எடுத்து நிலையத்தின் காவித் தரையில் வரைய ஆரம்பித்தது. கோயில், மேல்நிலைத் தொட்டி, கிழக்கு வீதி, மேற்கு வீதி, தறிக்குடோன், அதன் பின்னால் இரண்டு வரிசை லைன் வீடு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு புள்ளி, கோலத்துக்கு வைப்பதுபோல.

பதினான்கு புள்ளியில் ஒன்பது லைன் வீட்டில் போய் விழுந்தது.

அந்தப் பதினான்கு பேரையும் நேரில் பார்த்தவள் நான். பெயரை எழுதியவள் நான். ஆனாலும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. பதிவேட்டில் அவர்கள் தேதி வரிசையில் இருந்தார்கள். ஒருவர் திங்கட்கிழமைப் பக்கத்தில், இன்னொருவர் வியாழக்கிழமைப் பக்கத்தில். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்கள் என்பது தரையில் வரைந்தபோதுதான் கண்ணில் பட்டது.

அப்புறம் அந்தப் பிள்ளை யார் யார் என்று கேட்டது. ஐந்து பெண்கள், எல்லாரும் பனியன் கம்பெனியிலிருந்து கட்டு வாங்கி வந்து வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறவர்கள். பள்ளிக்கூடம் போகாத வயதில் இரண்டு குழந்தைகள். இரண்டு ஆண்கள், தறியில் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள். ஒன்பது பேருக்கும் பொதுவானது ஒன்றுதான்: பகலில் வீட்டில் இருப்பவர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும், ரொம்ப தூரம் பறக்காது. இது எனக்கும் தெரியும், அந்தப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததை ஊரோடு பொருத்திப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டு பேரும் லைன் வீட்டுக்குப் பின்னால் போனோம். குடோன் சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. அதில் வரிசையாக நீல டிரம்கள். டையிங் கம்பெனியில் காலியானதை விலைக்கு வாங்கி, மேல்பக்கத்தை அறுத்துத் தண்ணீர் பிடிக்க வைத்திருக்கிறார்கள். அறுத்த டிரம்முக்கு மூடி ஏது? எங்கள் ஊரில் அப்போது ஒன்பது நாளைக்கு ஒரு முறைதான் குடிதண்ணீர் விடுவார்கள். கொசு முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்க, வெயில் ஊரில் எட்டு பத்து நாள் போதும். தண்ணீர் வருகிற கணக்கும் கொசு வளர்கிற கணக்கும் அப்படியே ஒத்துப்போயிருந்தது. கொசு ஒழிப்பு மஸ்தூர்கள் வாராவாரம் வந்து அபேட் என்கிற கொசுப்புழு மருந்தை ஊற்றியிருக்கிறார்கள், வீதியைப் பார்த்த சிமெண்டுத் தொட்டிகளில். அந்தச் சந்துக்குள் யாரும் போகவில்லை.

ஒரு டிரம்மைச் சாய்த்து உள்பக்கம் டார்ச் அடித்தோம். தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே மிளகுப் பொடி தூவினதுபோல ஒரு கோடு. முட்டை. தண்ணீரைக் கொட்டிவிட்டால் போய்விடும் என்று நினைக்கக் கூடாது. அது சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தபடி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவினோம். பழைய வேட்டியை மடித்து வாயில் போட்டுக் கயிறு கட்டினோம். இரண்டு நாள் நடையாய் நடந்து பேசிய பிறகு, குடோன்காரர் மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

இதிலேயே உங்கள் பாடம் முழுக்க இருக்கிறது. டிரம்மைத் தேய்த்து மூடியது முதல்நிலை. காய்ச்சல் வந்த வீடுகளில் உட்கார்ந்து, காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்தான நாள், அன்றைக்கு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், சோர்ந்து படுத்துவிடுவது என்று எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், வலிக்கு ஊசி கேட்டுப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொன்னது இரண்டாம் நிலை. காய்ச்சல் விட்டதும் நம் சனங்கள் "சரியாப் போச்சுங்" என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதனால் இதை மட்டும் ஒரே வீட்டில் மூன்று தரம் சொன்னோம். தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு முறை வந்தால் டிரம்மே வேண்டியதில்லை, அது ஆதிநிலை. அதை நானும் அந்தப் பிள்ளையும் தேய்த்துக் கழுவ முடியாது. பஞ்சாயத்தில்தான் பேச வேண்டும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

1854-ல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைத் தெருப் படத்தில் குறித்துப் பார்த்து, பெரும்பாலும் ஒரே தண்ணீர்ப் பம்பைச் சுற்றித்தான் இருக்கிறது என்று காட்டிய கதையை நீங்கள் முதல் வகுப்பிலேயே சொல்கிறீர்கள். பரீட்சையில் அதற்கு மார்க்கும் உண்டு. ஆனால் ஸ்நோ செய்ததை எங்கள் ஊரில் நீங்களும் செய்து பாருங்கள் என்று எந்தக் கல்லூரியும் பிள்ளைகளிடம் சாக்பீஸைக் கொடுத்து அனுப்பி நான் பார்த்ததில்லை. கொள்ளை நோயின் நினைவு நமக்கும் இல்லாமல் இல்லை. கோவையில் பிளேக் மாரியம்மன் என்றே கோயில் இருக்கிறது. சனங்கள் பயத்தையும் நன்றியையும் அப்படிப் பதிந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளை ஒரு தரம் அங்கே கூட்டிக்கொண்டு போய்ப் பாடத்தை ஆரம்பித்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அந்த சாக்பீஸ் படத்துக்குப் பிறகு நான் பதிவேட்டைப் படிக்கிற விதமே மாறிப்போனது. ஒரு நாள் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். சர்க்கரை நோயாளிகளின் கால் புண் வருஷம் முழுக்க ஒன்றிரண்டு இருக்கும், மாசி மாதத்தில் மட்டும் கூடிவிடும். மூன்று வருஷமாக அப்படித்தான். என்னடா இது என்று யோசித்தால், தைப்பூசம். எங்கள் பக்கமிருந்து தாராபுரம் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகாத குடும்பமே இல்லை. வேண்டுதல் என்றால் வெறுங்கால்தான். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவருக்குத் தார் ரோட்டின் சூடும் தெரியாது, கல் குத்துவதும் தெரியாது. கொப்புளம் உடைந்து, வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து நாற்றம் வந்த பிறகுதான் என்னிடம் வருவார்கள்.

அடுத்த மார்கழியிலேயே, மாலை போடுகிறவர்களில் சர்க்கரை இருப்பவர்களை எண்ணினேன். இருபத்திரண்டு பேர். பத்து கிராம் அழுத்தம் தருகிற நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் ஆறு பேருக்கு உணர்ச்சி இல்லை. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொன்னாலும் நிற்க மாட்டார்கள். மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு பெரியவர், "முருகன் கோவிச்சுக்கமாட்டாருங்களா நர்சம்மா?" என்றார். "அடுத்த வருசமும் நடந்து வரோணும்னுதானுங்க அவரும் நெனைப்பாரு" என்றேன். நான்கு பேர் செருப்புக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாத இரண்டு பேருக்குத் தடித்த பருத்திச் சாக்ஸ் கொடுத்து, ராத்திரி தங்குகிற இடத்தில் கூட வருகிறவர் டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், கொப்புளத்தைக் குத்தக் கூடாது என்று அவர்கள் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். இருக்கிற நோய் உறுப்பைக் கொண்டுபோகாமல் காப்பதும் தடுப்புத்தான், அதற்குப் பெயர் மூன்றாம் நிலை. அதற்கு எனக்குத் தேவைப்பட்டது பழைய பதிவேடும் தமிழ் காலண்டரும்.

எண்ணிக்கையைப் படிக்கத் தெரியாததால் நல்ல செய்தியே கெட்ட செய்தியாகப் போவதும் உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரைப் பட்டியல் வருஷா வருஷம் நீண்டுகொண்டே போகிறதே என்று ஒரு மீட்டிங்கில் என்னைக் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். இப்போது என்றால் ஈரோட்டு மஞ்சள் மண்டிக் கணக்கைச் சொல்லியிருப்பேன். வரத்து வேறு, இருப்பு வேறு. இந்த வருஷம் புதிதாக நோய் வந்தவர்கள் வரத்து. பழையவர் புதியவர் எல்லாரும் சேர்ந்து இன்றைய தேதிக்கு எத்தனை பேர் என்பது இருப்பு. மருந்து ஒழுங்காகக் கிடைத்து நோயாளிகள் சாகாமல் இருந்தால் இருப்பு ஏறத்தான் செய்யும். முதல்நிலை வேலை நடக்கிறதா என்று பார்க்க வரத்தைப் பார்க்க வேண்டும். இதை வகுப்பில் சூத்திரமாகச் சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒரு துணை சுகாதார நிலையத்தின் பட்டியலைக் கையில் கொடுத்துப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அரை நாளில் புரிந்துவிடும்.

பின்னத்தில் மேலே எழுதுகிற தொகுதியைப் போலவே, மொத்தம் எத்தனை பேரில் என்று கீழே எழுதுகிற பகுதியும் முக்கியம். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. எங்கள் ஐயாயிரத்தில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர்? சில குடும்பங்கள் ஆறு மாதம் இருந்துவிட்டு வேறு மில்லுக்குப் போய்விடும். பதிவேட்டில் ஏறாத குழந்தை, தடுப்பூசி போடாத குழந்தைகளின் கணக்கிலும் வராது. நூற்றுக்கு நூறு போட்டாயிற்று என்று நாம் எழுதும்போது அந்தக் குழந்தை திண்ணையில் விளையாடிக்கொண்டிருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு இளவயது, இந்தி பேச ஓரளவு தெரிந்தவர்களும் இருப்பார்கள். எங்கள் வீதியில் ஏற்கெனவே பத்துத் தரம் கணக்கெடுத்த வீடுகளையே மறுபடி எடுப்பதைவிட, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் லைன் வீடுகளைக் கணக்கெடுத்துக் கொடுத்தால் அது எங்களுக்குப் பெரிய உதவி.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். தறி ஓட்டும் ஒருவர், நாற்பத்தாறு வயது. அவர் வேலை செய்கிற இடத்தில் ஒரு முகாம் நடத்தினார்கள். அவருக்கு ரத்த அழுத்தம் 170-க்கு 100 இருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் காட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். முகாம் அறிக்கையில் இத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள் என்று எண் போனது. பெயர் என்னிடம் வரவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை, அது என் தப்பு. எட்டு மாதம் கழித்து ஒரு நாள் விடியற்காலை பக்கவாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. அந்தச் சீட்டு அவர் சட்டை மாட்டுகிற ஆணியிலேயே குத்தியிருந்தது. அப்புறம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வந்தது, நானும் வாரம் ஒரு தரம் போவேன். டம்ளரைத் தானே பிடித்துக் குடிக்கிற அளவுக்குத் தேறினார். தறிக்குப் போக முடியவில்லை.

இரண்டாம் நிலைத் தடுப்புக்கு உங்கள் புத்தகத்தில் விரைவாகக் கண்டறிதலும் உடனடி சிகிச்சையும் என்று சேர்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். முன்பாதியை மட்டும் செய்துவிட்டு நாமெல்லாம் முகாம் நடத்தினோம் என்று எழுதிக்கொள்கிறோம். உங்கள் மாணவர்கள் முகாம் நடத்துகிறபோது, எத்தனை பேருக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டு மார்க் போடாதீர்கள். ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களில் எத்தனை பேர் ஒரு மாதம் கழித்து மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். பெயர்ப் பட்டியலைக் கிளம்பும் முன் அந்த ஊர் செவிலியரிடம் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ரத்தசோகையிலும் இதே கதைதான். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எங்கள் பதிவேட்டில் இரும்புச்சத்து மாத்திரை முழுக்கக் கொடுத்தாயிற்று. ரத்தம் ஏன் ஏறவில்லை? பனியன் கம்பெனிப் பெண்களிடம் உட்கார்ந்து பேசிப் பார்த்தால் தெரியும். பதினொரு மணி டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்கள். டீ இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாது. டீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேர இடைவெளி விட்டு, மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ எடுத்துக்கொண்டால் பலன் தெரியும். இப்படி ஒன்றைக் கண்டுபிடிப்பது ஒரு மாணவிக்குப் பதினைந்து நாள் வேலை, வாழ்நாளுக்கும் மறக்காத பாடம்.

நான் கேட்பது அதிகமில்லை. ஒரு கல்லூரி ஒரு ஊரை எடுத்துக்கொண்டு ஐந்து வருஷமாவது அங்கேயே வரட்டும். போன வருஷப் பிள்ளைகள் எழுதியதை இந்த வருஷப் பிள்ளைகள் படித்துவிட்டு வரட்டும். முதல் இரண்டு நாள் வீட்டுக்குப் போகாமல் எங்கள் பதிவேடுகளோடு உட்காரட்டும். நோயாளியின் பெயர் நிலையத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்பதை அப்போதே சொல்லிக்கொடுக்கலாம். பதிவேட்டிலிருந்து அவர்களே ஒரு கேள்வியை எடுக்கட்டும். நூல் மில்லில் வேலை செய்பவருக்கு இருமல் என்றால், எத்தனை நாளாக என்பதோடு, வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு அதிகமாக இறுக்குகிறதா என்று கேட்கத் தெரிய வேண்டும். பஞ்சுத் தூசியால் வரும் நோயின் அடையாளம் அது. இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் எதுவானாலும் சளிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட வேண்டும். கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு மார்க் போடுங்கள். சார்ட்டின் அழகுக்கு வேண்டாம்.

கடைசியாகக் கண்டுபிடித்ததை ஊருக்குச் சொல்லிவிட்டுப் போகட்டும். குடியரசு தினம், உலகத் தண்ணீர் நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது. அந்த லைன் வீட்டுப் படத்தை அந்தப் பிள்ளை ஒரு பெரிய தாளில் வரைந்து கொடுத்துவிட்டுப் போனது. அடுத்த கிராம சபையில் நான் அதை விரித்துக் காட்டினேன். பெயர் எதுவும் இல்லாமல் வெறும் புள்ளிகள். மைக்கில் பேச எனக்குக் கூச்சம், இரண்டு நிமிஷம்தான் பேசினேன். ஆனால் தலைவர் எழுந்து வந்து கிட்டத்தில் நின்று பார்த்தார். லைன் வீட்டுப் பக்கம் தனிக் குழாய் போட அன்றைக்குத் தீர்மானம் எழுதினார்கள். குழாய் வர ஒன்றரை வருஷம் ஆனது, ஆனாலும் வந்தது.

வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் உங்கள் பிள்ளைகளுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கச் சொல்லித் தலைவரிடம் கேட்டு வைக்கிறேன். எந்தக் கல்லூரி வந்தாலும் சரி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் வீடு அதே வீதியில்தான் இருக்கிறது. லைன் வீடுகளுக்கு நானே கூட்டிப் போகிறேன். வருகிற நாளை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். தண்ணீர் விடுகிற நாளுக்கு முந்தின நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். அன்றைக்குத்தான் டிரம்களின் அடியில் என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரியும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பல்லடம் வட்டாரம்